வாங்குவது யார் வேலை?

பொது மேலாளர் யார் என்ற அறிவிப்பு வந்த சற்று நேரத்தில், அலுவலகக் கழிவறைக்குள் தாழிட்டுக்கொண்டு அழுதாள் கணக்குப் பிரிவின் தலைவி.

கதவு தட்டப்பட்டது.

“திறடி, நான்தான்.”

கொள்முதல் பிரிவின் தலைவி. அந்தப் பதவிக்கு இவளோடு போட்டியிட்ட ஒரே ஆள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தோழியும்கூட.

“நீ போ. உன் முகத்துல நான் எப்படிடி முழிப்பேன்?”

“அசடு! நீ போடுற கணக்கு தப்பலாம், கடவுள் போடுற கணக்கு தப்பாது. திற.”

தாழ் விலகியது. வெளியே நின்றவளின் கண்களும் சிவந்திருந்தன.

“ஒரு நல்ல வார்த்தைக்கு மனசு ஏங்குச்சுடி. வந்ததைப் பார்” என்று இவள் கைபேசியை நீட்டினாள்.

‘என்னைத்தான் ஜி.எம். ஆக்கியிருக்காங்க!’ என்று கணவருக்கு அனுப்பியிருந்தாள். ‘சரி. வரும்போது பால் வாங்கிட்டு வா’ என்று பதில் வந்திருந்தது.

தோற்றவள் அதை இருமுறை படித்தாள். பிறகு தன் கைக்குட்டையால் ஜெயித்தவளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“வாங்குறதெல்லாம் என் டிபார்ட்மென்ட். பாலை நான் பார்த்துக்கறேன். ஜி.எம். மேடம் வெளிய வாங்க, முதல் கைதட்டல் என்னோடதா இருக்கணும்.”