பின்வரிசைக் கைதட்டு

பாட்டு ஆரம்பித்ததும் அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

கடைசிப் பாய். சுவரோரம். அந்தப் பாயில் அவளைத் தவிர யாரும் இல்லை.

முன்னால் பெண்கள் பக்கம் முழுக்க வெள்ளை முக்காடுகள். எல்லாக் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. பாஸ்டர் வீட்டம்மா ஒரு கையில் மைக்கைப் பிடித்திருந்ததால் மறு கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

அரக்கோணத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் தகரக் கூரை போட்ட சபை அது. கை தட்டினால் கூரையும் சேர்ந்து தட்டும். தெருவில் இருப்பவர்களுக்குத் தலைவலி, உள்ளே இருப்பவர்களுக்கு ஆனந்தம்.

அவளுக்கு அந்தச் சத்தம் உயிர். கண்ணை மூடிக்கொண்டாலும் எது யார் கை என்று சொல்லிவிடுவாள். மீன்கார அம்மாவின் கை ஈரத்துணி உதறுவது போல விழும். நர்ஸ் வேலை பார்க்கிறவள் யாரையும் எழுப்பிவிடாமல் தட்டுவாள். புதுசாகக் கல்யாணமானவள் வளையலையும் சேர்த்துத் தட்டுவாள். எல்லாம் ஒன்றாகி மேலே எழும்பும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு ஓடி வருகிறாள்.

தட்டத்தான் மாட்டாள்.

அவள் திருநங்கை. அவள் கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு தட்டுதான். விரல்களை அகல விரித்து, உள்ளங்கை மேல் உள்ளங்கை குறுக்காக விழ வேண்டும். பட்டாசு மாதிரி வெடிக்கும். ரயிலில் ஒரு பெட்டியில் தட்டினால் அடுத்த பெட்டியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான்.

ரயிலை விட்டுத் தையல் மெஷினுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கை மட்டும் மறக்கவில்லை.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மற்றவர்களைப் போலத் தட்டிப் பார்த்திருக்கிறாள். அடை தட்டுவது போல இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் தட்டினால் இங்கே என்ன ஆகும் என்று தெரியும். தலைகள் திரும்பும். அவள் பாய் இன்னும் பின்னால் போகும்.

பின்னால் சுவர்தான். அதற்கப்புறம் மாடிப்படி.

இந்த இடத்தையும் விட்டால் அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

பாஸ்டர் போன வாரம்தான் பிரசங்கித்தார். வேதத்தில் ஆறுகள் கைகொட்டுமாம். மரங்கள் கைகொட்டுமாம். ராஜாவுக்கு முடிசூட்டியபோது ஜனங்கள் கைகொட்டினார்களாம். மனுஷர் சொன்ன அழகில், ஊர் எல்லைப் புளியமரம் கைதட்டுவதை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

வேதத்தில் இன்னொரு கைகொட்டலும் உண்டு. அதை அவர் சொல்லவில்லை. இடிந்துபோன நகரத்தைப் பார்த்து, வழியில் போகிறவர்கள் கைகொட்டி இளிப்பார்கள்.

அந்தப் பகுதிக்கு அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, சொந்த அண்ணன் கல்யாணம். அவளைக் கண்டதும் யாராவது ஒருத்தன் விரல்களை விரித்து அவளைப் போலவே தட்டிக் காட்டுவான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

பாட்டு வேகம் பிடித்தது.

"சில பேர் கையைக் கட்டிட்டு இருக்கீங்க. இது என்ன பள்ளிக்கூடமா?"

பாஸ்டர் பொதுவாகத்தான் சொன்னார். அவள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கழுத்தில் இருந்தது சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். மற்றவர்களாக இருந்தால் முன்னால் போய் மைக்கை வாங்கி, அழுது, சாட்சி சொல்லியிருப்பார்கள். அவளுக்கு அந்தத் தைரியம் இல்லை. நன்றி நெஞ்சுக்குள்ளேயே கிடந்து முட்டியது. வெளியே வர வழி தேடியது.

கை வழியாக வந்துவிட்டது.

ஒரே ஒரு தட்டு.

தகரக் கூரை அதிர்ந்தது. கீபோர்டு தடுமாறியது. பாட்டு பாதியில் நின்றது.

தலைகள் திரும்பின.

அவளுக்கு நேர் முன்பாயில் உட்கார்ந்திருந்த கெசியாவும் திரும்பினாள். வாரா வாரம் வந்து உட்கார்ந்ததும், தன் குழந்தையைத் தூக்கி இவளுக்கு எட்டாத பக்கமாக மாற்றிக்கொள்கிறவள்.

போச்சு. எல்லாம் போச்சு. அவள் தன் பையைத் தேடினாள்.

கெசியா கைகளைத் தூக்கினாள்.

விரல்களை அகல விரித்தாள்.

இங்கேயுமா?

கெசியா குறுக்காகத் தட்டினாள். சத்தமே வரவில்லை. மறுபடியும் தட்டினாள்.

அவள் கெசியாவின் முகத்தில் சிரிப்பைத் தேடினாள். கடைவாயில் தேடினாள். கண்ணோரத்தில் தேடினாள். எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண் அவளுக்கு.

இல்லை.

கடையில் நல்ல சேலையைப் பார்த்தவள் முகம் போல, ஆசைதான் இருந்தது.

யாரோ மெல்லப் பாட்டை எடுத்துக் கொடுத்தார்கள். கெசியா குழந்தையை இழுத்துக்கொண்டு கடைசிப் பாய்க்கு நகர்ந்து வந்தாள்.

"எனக்கு வர மாட்டேங்குது. எப்படிக்கா தட்டுனீங்க?"

அவள் கெசியாவின் கையை வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

குழந்தையும் தன் கையை நீட்டியது.

தொடலாமா என்பது போல அவள் கெசியாவைப் பார்த்தாள்.

கெசியா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள்.