நாற்பத்தோரு பேருக்கு ஒரே நம்பர்

எமர்ஜென்சியிலிருந்து ஓடி வந்த நர்ஸ் பெர்னதெத், ரத்தம் பட்ட ஒரு துண்டுச் சீட்டை என் பதிவு கவுன்டரில் வைத்தாள்.

ஓசூர் ரோட்டில் லாரி இடித்த ஆள், நாற்பது வயது இருக்கும். நினைவில்லை, முகம் முழுக்கக் கட்டு. சட்டைப் பையில் இந்தச் சீட்டு மட்டும்தான் இருந்ததாம். அதில் பெயர்கூட இல்லை, வெறும் போன் நம்பர். உடனே ஆபரேஷன். அதற்கு முன் ஊசி போட வேண்டும். அவருக்கு எந்த மருந்து ஆகாது என்று யாருக்குத் தெரியும்?

சீட்டை ஒரு தடவைதான் பார்த்தேன். இரண்டாம் தடவை பார்க்கத் தேவையில்லை.

கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினேன். நாற்பத்தோரு பேர் வந்தார்கள். எல்லாரும் ஈஜிபுராவில் ஒரே தெரு.

கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் சேஷகிரி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இத்தனை பேருக்கு ஒரே நம்பரா, சோம்பேறித்தனத்தில் எதையோ அடித்து வைத்திருக்கிறாய், எல்லாவற்றையும் அழி என்று போன வாரம்தான் நாலு பேர் முன்னால் திட்டியிருந்தார்.

நான் அழிக்கவில்லை. வீட்டில் போன் இல்லாதவர்கள் தெருவில் போன் இருக்கிற வீட்டு நம்பரைத்தான் கொடுப்பார்கள் என்றேன். அது யார் வீடு என்று கேட்டார். கத்துகிறவருக்கு அதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்? சொல்லவில்லை.

ஆண்கள் பதினெட்டு. நாற்பது வயதை ஒட்டியவர்கள் ஐந்து. அந்த ஐந்து பெயர்களையும் நான் வாய்விட்டுப் படிக்கவில்லை.

அவர்களில் ஒருவருக்குப் போன வருஷம் பொம்மனஹள்ளி ஃபேக்டரியில் இடது கை சுண்டு விரல் பாதி போயிருந்தது. இங்கேதான் தையல் போட்டார்கள். பெர்னதெத்தை விரலைப் பார்க்க அனுப்பினேன்.

இன்டர்காம் அடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

பாதிதான் இருக்கிறதாம்.

பெயர் சுந்தரம், பெனிசிலின் ஆகவே ஆகாது, போன தடவை மூச்சுத் திணறியிருக்கிறது என்று திரையில் இருந்ததை அப்படியே சொன்னேன். டாக்டர் போட எடுத்திருந்தது அதுதானாம். கீழே வைத்துவிட்டாராம்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

இனி கையெழுத்துப் போட அவர் மனைவி வர வேண்டும். சீட்டைப் பார்க்காமலே நம்பரை அழுத்தினேன்.

மறுமுனையில் ஹலோகூட இல்லை. என் மாமியாரின் வழக்கமான கேள்விதான்.

"யாரக் கூப்பிடணும்?"

"மூணாவது வீட்டு மரகதத்த, அத்தே. அடுப்ப அணைச்சிட்டு நீங்களும் கூடவே ஆஸ்பத்திரிக்கு வாங்க. அண்ணன் பொழச்சுக்குவாருன்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க."