தானே எடுத்துக்கொள்ளும்

ரூபன் அவள் மேசை போனின் வயரைப் பிடுங்கியபோது அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

மேசையில் அது இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாகத் தெரிந்தது.

"இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்லதான்க்கா. ஹெட்செட்டை மாட்டிக்கிட்டா போதும். ரிங்கே அடிக்காது. டிங்னு ஒரு சத்தம், அதுவா எடுத்துக்கும்."

"ரிங் அடிக்கிற மாதிரி வைக்க முடியாதா தம்பி?"

"எதுக்கு? எடுக்காம விடுறதுக்கா?"

சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டான். கம்ப்யூட்டர் ஆட்களுக்கு எல்லாமே விளையாட்டு.

ஆனால் அவன் சொன்னது சரிதான். எடுக்காமல் விடுவதற்குத்தான்.

மகள் தன் இஷ்டப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டு போன அன்று, கணவர் அவள் கையைப் பிடித்து இழுத்து மகன் தலையில் வைத்தார். இனி மகளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் வாங்கினார். பிள்ளை தலையில் அடித்த சத்தியம். மீறுவதற்கு அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. செல்போனையும் அவர்தான் தினமும் எடுத்துப் பார்க்கிறார்.

சத்தியம் பேச்சுக்குத்தான். ரிங்குக்கு இல்லை.

கல்லூரிக்குப் போகும் நாட்களிலேயே மகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அம்மாவின் ஆபீஸ் போனுக்கு இரண்டு ரிங். கட். வீட்டைவிட்டுப் போன பிறகும் ஒரு காலையில் அதேபோல இரண்டு ரிங் வந்து நின்றது. மறுநாளும் வந்தது. இருக்கிறேன் அம்மா, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அது மகள்தான் என்பதற்குச் சாட்சி ஒன்றும் இல்லை. ஆனால் இது தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிற கம்பெனி. மிஷின் ஒழுகுகிறவர்கள் யாரும் இரண்டு ரிங்கோடு விடமாட்டார்கள், உயிரை எடுத்துவிடுவார்கள்.

ரிங் வரும்போது ரிசீவர் மேல் கையை வைத்துக்கொள்வாள். தூக்கமாட்டாள். அதிர்வது கைக்குத் தெரியும். இத்தனை நாள் அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். சுற்றிலும் எல்லோரும் அவரவர் திரையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

டிங்.

திரையில் தெரியாத எண் ஒன்று. எடுத்தாகிவிட்டது. நொடிகள் ஓட ஆரம்பித்தன.

காதுக்குள் மூச்சுச் சத்தம். எடுப்பார்கள் என்று எதிர்பார்க்காத மூச்சு. அதன் பின்னால் எங்கோ விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கை மவுஸைத் தேடியது. வெட்டினால் மகள் என்ன நினைப்பாள்? நாளைக்கு இந்த டிங்கும் வராது.

பேசினால், பிள்ளை தலை.

ஓடிக்கொண்டிருக்கிற நொடிகளைப் பார்த்தாள். பிறகு கம்பெனிக்காரி பேச வேண்டியதைப் பேசினாள்.

"வணக்கம் மேடம். சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?"

தறி மட்டும் ஓடியது.

"ஒரு... தண்ணி மிஷின் வேணும் மேடம்."

கெட்டிக்காரி. சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வீட்ல எத்தனை பேர் மேடம்?"

எந்த மாடல் சரிப்படும் என்று பார்க்க எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"மூணு பேர்."

அவள் அடுத்த கேள்வியை மறந்துபோனாள்.

"ஒருத்தருக்கு இப்பதான் மேடம் தண்ணி குடுக்க ஆரம்பிச்சிருக்கோம். காய்ச்சி ஆறவெச்சு, ஸ்பூன்ல."

பக்கத்து மேசையில் யாரோ தவணைக் கணக்கைச் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தார். அவள் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"விலாசம் சொல்லுங்க மேடம்."

மகள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பல்லடம் பக்கம் ஓர் ஊர். தெரு. கதவு எண். கீழே மாவு மில், மாடியில் வீடு என்று அடையாளமும் சொன்னாள். ஒருமுறை சொல்லி முடித்துவிட்டு, கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னாள்.

திரையில் விலாசக் கட்டம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் ஓர் எழுத்தும் தட்டவில்லை. தட்டினால் நாளைக் காலையே கம்பெனி ஆள் மிஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்பான்.

முதலில் போய் நிற்க வேண்டியது அவன் இல்லை.