மூன்றாம் நாள் தீ

பூங்காவனம் சுவர், கூரை எல்லாமே பச்சைமண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டாள். உள்ளே அடுக்கிய செங்கல் தம்பி துரைக்கண்ணு விற்பதற்கு. வெந்த சுவர் அவளுக்கு. நான்கு நாள் எரிந்தால்தான் சுவர் முழுக்க வேகும். இரண்டு நாள் அவளே விறகு தள்ளினாள்.

"நீ போய்ப் படுக்கா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான் தம்பி.

சூடு ஆறியதும் வெளிச்சுவருக்குச் செம்மண் பூசியும் கொடுத்தான். பிள்ளைகளோடு குடிவந்தாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பூச்சு கரைந்த இடத்தில் கை வைத்தாள். விரல் சுவருக்குள் போனது. ஆள் அனுப்பித் தம்பியை வரவழைத்தாள்.

"நான் போனப்புறம் எத்தன நாள் எரிச்சே?"

வாசலில் நனைந்துகொண்டு நின்றான். "செங்கல் வெந்துடுச்சுக்கா. மூணாம் நாள் காலைலயே மூடிட்டேன்."

"மிச்ச விறகு?"

"அடுத்த சூளைக்கு எடுத்துட்டுப் போனேன்."

"மழையில நிக்காத. உள்ள வா" என்றாள்.

துரைக்கண்ணு கூரையை அண்ணாந்து பார்த்தான். "பரவால்லக்கா" என்று அங்கேயே நின்றான்.

உள்ளே பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.