வெக்கைக்கு வந்த பொலிஸ்

“போன்ஜூர் அங்கிள்! உயிரோடை இருக்கிறீங்களோ?”

“இருக்கிறன் பிள்ளை, வா, வா!”

மணிச் சத்தம் ஓய்வதற்குள் நித்தியானந்தன் கதவைத் திறந்துவிட்டார். ஒரு மணித்தியாலமாகக் கதவுக்குப் பின்னாலேயே நின்றால் அப்படித்தான் திறக்க வரும்.

வாசலில் அக்‌ஷயா. சுவிசின் லோசான் நகரிலேயே பிறந்து வளர்ந்து, பொலிசில் சேர்ந்துவிட்ட யாழ்ப்பாணத்துப் பெட்டை. வெயில் கொளுத்தும் நாட்களில், வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களைப் போய்ப் பார்ப்பதுதான் இந்தக் கோடையில் அவளுக்குக் கொடுத்திருந்த பொறுப்பு. தண்ணீர் குடித்தார்களா, சன்னல் மறைப்பை இறக்கினார்களா, மருந்து போட்டார்களா என்று விசாரிக்க வேண்டும். மற்ற வீடுகளில் பத்து நிமிட வேலை. இந்த வீட்டில் மட்டும் அது பின்னேரம் முழுக்க இழுபடும்.

எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. பொலிஸ் சப்பாத்தின் சத்தம் ஜெயந்தியின் காதுக்கு நல்ல பழக்கம்.

“என்ன அண்ணை, திரும்பவும் பொலிசோ?”

“ஓம் ஜெயந்தி. என்னைப் பாக்கத்தான் வந்திருக்கினம்.” மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

“கோயிலிலை சனம் கண்டபடி கதைக்குது. உங்களை வீட்டுக்காவலிலை வைச்சிருக்காம், காலிலை மெசின் பூட்டியிருக்காம்.”

இவள் வாய் திறக்காமல் கோயிலுக்கு அந்தச் செய்தி எப்படிப் போனது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் நாலு செய்தி வரும். கேட்காமலே ஐந்தாவது வந்தது.

“அதோடை அண்ணை, நேற்று உங்கடை வீட்டிலை ஒரு பொம்பிளைச் சத்தம் கேட்டது. உங்கடை மனிசி ஞானேஸ்வரியக்கா கனடாவிலை நிக்கேக்கை…”

“அது ரிவி நாடகம்!”

“நாடகத்திலை பொம்பிளையள் அழுறதெல்லோ வழக்கம். இது சிரிச்சது.”

நித்தியானந்தன் அவசரமாக அக்‌ஷயாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். காது சிவந்திருந்தது.

மேசையில் தேசிக்காய்த் தண்ணீரும் ஒரு தட்டு வடையும் தயாராக இருந்தன. அக்‌ஷயா ஒன்றைக் கடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“நீங்களே சுட்டதோ, அங்கிள்?”

“பின்னை? ஆஸ்பத்திரிக் குசினியிலை இருபது வருசம் நிண்ட கை!”

நின்றது உண்மை. அங்கே அந்தக் கை கழுவியது சட்டி மட்டும்தான்.

“தண்ணி குடிச்சனீங்களோ?”

“குடம் குடமாக் குடிச்சனான்.” அவர் எதிரே அமர்ந்தார். “உனக்கு ஒண்டு சொல்லட்டே பிள்ளை? ஊரிலை சீருடையைக் கண்டால் பின்வளவாலை பாய்ஞ்சு ஓடின ஆள் நான். இப்ப சீருடை வருமெண்டு காலமையே சேவ் எடுத்து, சேட்டும் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு இருக்கிறன்.”

சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு வாசல் மணிப் பக்கம் கையைக் காட்டினார்.

“எங்கடை ஆக்கள் கலியாணக் காட் தரத்தான் இந்த மணியை அடிப்பினம். காட்டைத் தந்திட்டு, கார் பிழையான இடத்திலை நிக்குதெண்டு ஓடிவிடுவினம். நீங்கள்தான் தண்ணி குடிச்சியோ, நித்திரை கொண்டியோ எண்டு இருந்து கேக்கிறியள். நல்லா இருப்பாய் பிள்ளை.”

அக்‌ஷயா குவளையை மெல்ல வைத்தாள்.

“அங்கிள், ஒரு விசயம். வெக்கை கூடக் கூடப் பாக்க வேண்டிய ஆக்களும் கூடிட்டினம். அதாலை, இடையிலை துணைக்கு ஆள் வந்திட்ட வீடுகளுக்கு இனிப் போறதில்லை எண்டு முடிவெடுத்திருக்கிறம். அன்ரி கனடாவிலை இருந்து வந்திட்டாவோ?”

இந்தப் பெட்டையின் வரவை வைத்துத்தான் நித்தியானந்தனின் கிழமையே ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிற்பாட்டினால் பிறகு அந்த மணியை யார் அடிப்பது?

“எங்கை பிள்ளை! மகளின்ரை குழந்தைக்கு இன்னும் பல்லே முளைக்கேல்லை. அவ இப்போதைக்கு வரமாட்டா.”

“அப்ப நீங்கள் தனியத்தான்?”

“தனியத்தான்.” சுவாமிப் படம் இருந்த பக்கம் திரும்பாமல் சொன்னார்.

அக்‌ஷயா வடைத் தட்டைப் பார்த்தாள், சாத்தியிருந்த குளியலறைக் கதவைப் பார்த்தாள். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினாள். “மெர்சி, அங்கிள்.”

தப்பித்தோம் என்ற நிம்மதியில் அவரும் வாசல்வரை கூடவே போனார். வாசற்படியில் அவள் திரும்பினாள்.

“இனி டியூட்டியிலை இஞ்சை வரமாட்டன், அங்கிள்.”

அவருடைய முகம் செத்துப்போயிற்று.

“வியாழக்கிழமை எனக்கு லீவு. யூனிஃபோம் இல்லாமல், சும்மா வீட்டுப் பிள்ளையா வாறன்.” அவள் குரலைத் தணித்தாள். “இப்ப முதல் வேலையா அன்ரியைக் குளியலறையிலை இருந்து வெளியிலை விடுங்கோ. அதுக்குச் சன்னல் இல்லை, இந்த வெக்கைக்கு மயங்கி விழுந்திடுவா.”

நித்தியானந்தன் வாயைத் திறப்பதற்குள், வாசலை ஒட்டியிருந்த குளியலறைக்குள் இருந்து ஞானேஸ்வரியின் குரல் வந்தது.

“நல்லாச் சொல்லு பிள்ளை! கனடாவாலை வந்த நாள் தொடக்கம் நீ மணி அடிச்சால் நான் இதுக்குள்ளைதான். வெக்கையைக்கூடத் தாங்கலாம், உன்ரை பகிடியளைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கிறதுதான் பெரிய பாடு!”