வீட்டுத் திறப்பு

"திறப்பைச் சும்மா கவருக்குள்ள போடாதீங்கோ, அன்ரி. கனடாவில மெஷின்தான் கடிதம் பிரிக்கிறது. அதுக்குள்ள போகேக்க திறப்பு நழுவி, கவரைக் கிழிச்சுக்கொண்டு விழுந்திடும்."

"விழுந்தா பிறகு கிடைக்காதோ?"

"கிடைக்கவே கிடைக்காது."

ஹம்சிகா தபால் கந்தோரில் வேலை செய்பவள். வெள்ளவத்தையில் அவளுக்கு அடுத்த ஃபிளாட் யோகமலர் அன்ரி. பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி, அந்தச் சாவியை நடுவில் வைத்து டேப்பால் ஒட்டி, மேலே இன்னொரு மட்டையும் வைத்து மூடினாள். தடவிப் பார்த்தாள், மேடு தெரியவில்லை. ஒன்பது வருசத்துக்குப் பிறகு அன்ரியின் மகன் கனடாவிலிருந்து வரப்போகிறான் என்று அவளுக்கே சந்தோஷம்.

"கார்த்திகன் அண்ணா எப்ப வாறார்? நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தாலும் இனித் தானே திறந்துகொண்டு வரலாம்."

அன்ரி கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இந்த வீட்டுத் திறப்பில்லை, பிள்ளை. அவன்ர வீட்டுத் திறப்பு. நான் அங்கயிருந்து வெளிக்கிடேக்க, 'இது உங்கட வீடு அம்மா, நினைச்ச நேரம் வாங்கோ' எண்டு கையில தந்தவன். இப்ப என்ர அறையில மருமகளின்ர தாய் வந்து இருக்கிறாவாம். அவவுக்குத் திறப்பு இல்லையாம், இதைத் திருப்பி அனுப்பட்டாம்."

ஹம்சிகா மட்டையைக் கவருக்குள் வைக்கப் போனாள்.

"சும்மாவே போட்டு ஒட்டு, பிள்ளை. நான் அனுப்பினது அனுப்பினதுதான். வழியில விழுந்தா அது மெஷின்ர பிழை."

ஹம்சிகா மேல் மட்டையைத் தூக்கி, டேப்பை நகத்தால் உரிக்கத் தொடங்கினாள்.