உளவாளி யார் என்று தெரியும்வரை

நூலகத்தில் உளவு நாவல் ஒன்றை அரித்துக்கொண்டிருந்த புத்தகப்பூச்சியைப் பல்லி முன்காலால் அமுக்கிப் பிடித்தது.

"அண்ணே, தாராளமா என்னைத் தின்னுங்க. ஆனா ரயில்ல தூதரோட பெட்டியை மாத்தினது யாருன்னு மட்டும் தெரிஞ்சுக்கறேன்," என்று பூச்சி கெஞ்சியது.

"எந்தப் பெட்டி?" என்றது பல்லி.

பூச்சி படித்துச் சொல்லத் தொடங்கியது. பக்கத்துக்கு ஒரு துரத்தல், அத்தியாயத்துக்கு ஒரு துரோகி. மூன்று நாளாகப் பல்லி ஒரு கொசுவைக்கூடத் தொடவில்லை. அதன் வால் நூலாக மெலிந்துவிட்டது.

கடைசிப் பக்கம் வந்தது. "சமையல்காரன்தான் மாத்தியிருக்கான் அண்ணே! ஆனா அவனை அனுப்பினது யாருன்னு இரண்டாம் பாகத்துலதான் வருமாம்," என்று சொல்லிவிட்டுப் பூச்சி சாகத் தயாராகக் கண்களை மூடிக்கொண்டது.

பல்லி அதைப் பல் படாமல் வாயில் கவ்விக்கொண்டு, பசியில் தள்ளாடியபடி அடுத்த அலமாரிக்கு ஓடியது.